மஞ்சள் குளிசை

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் தம்பலகாமத்து வயல்வெளியில் காற்றுக்கும் நிறம் வந்துவிடும். பார்க்கும் இடமெல்லாம் சூடு மிதிப்பு, கதிரை மிதித்து நெல் பிரிக்கிற வேலை. களவெட்டிகளில் டிராக்டர் சுற்றச் சுற்றக் கிளம்புகிற தூசி வாடிக் கிடுகிலும் தேத்தண்ணிக் கேத்தல் மூடியிலும் மனுசரின் கண்மடலிலும் ஒரே மாதிரிப் படியும். அதற்குள்ளே நெல்லின் சுணை கலந்திருக்கும். வேர்வையோடு சேர்ந்து கழுத்தில் இறங்கினால் பச்சைத் தண்ணீரில் எத்தனை தரம் முழுகினாலும் கடி அடங்காது.

கிண்ணியாவிலிருந்து வந்து வேலை செய்கிற ஆட்களுக்கு அது பழகிப்போன உபத்திரவம். ஸஹாப்தீனுக்கு மட்டும் பழகவில்லை. மீசை முளைத்த காலத்திலிருந்து டிராக்டர் ஓடுகிறவன். எந்தச் சேற்றில் இறங்கினாலும் மெசினைப் புதைய விடாமல் மீட்டு வருவான் என்று முதலாளிமார் அவனைத்தான் தேடுவார்கள். ஆனால் சூடு மிதிப்பு வந்தால் போதும், விடியத் தொடங்குகிற தும்மல் பொழுது சாயும்வரை ஓயாது. மூக்கு ஒழுகும். கண் சிவந்து மூடிக்கொள்ளும். கையில் தடிப்புத் தடிப்பாய் எழும்பும். லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறுகையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றுவான்.

பாண் ரொட்டிக்கு வரிசை நின்ற எழுபத்து நாலாம் ஆண்டு அது. அரிசி தங்கமாய் இருந்த காலம். வெட்டின நெல்லை மழை தொடுமுன் மூட்டையாக்கிவிட வேண்டுமென்று எல்லோரும் பறந்தார்கள். வாடியிலே படுத்து வாடியிலே சாப்பிட்டுக் கிடந்த ஸஹாப்தீன், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வீட்டுக்கு வந்தவன், மறுநாள் விடிய மச்சினன் றஊபோடு சைக்கிளில் திரும்ப வெளிக்கிட்டான். றஊப் அவன் மனைவி றுக்கியாவின் தம்பி. வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டுக்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை. களவெட்டியில் கவைக்கம்பால் வைக்கோல் புரட்டுகிற வேலை அவனுக்கு. வாய் ஓயாத பிள்ளை.

வாசலில் நின்ற ஸஹாப்தீன் தொடர்ந்து தும்மியதைக் கேட்டு றுக்கியா பிட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள்.

"இஞ்சாருங்க, உங்கட முகத்தக் கண்ணாடியில பாத்தீங்களா? கண் ரெண்டும் வீங்கிப் பலாக்கொட்டை மாதிரிக் கிடக்கு."

"சுணைதானே. சூடு முடிஞ்சா தானா வத்திடும்."

"சூடு முடியமட்டும் இப்பிடியே நிக்கிறதா?" அவள் உள்ளே போய் அலுமாரித் தட்டிலிருந்து ஒரு கடதாசிச் சரையைக் கொண்டுவந்தாள். அதற்குள் சின்னஞ்சிறு மஞ்சள் குளிசைகள். "அண்டைக்கு இறால் திண்டு எனக்குத் தடிச்சு வந்ததெல்லா, அப்ப டவுண் டொக்டர் தந்த குளிசை. போட்ட கையோட கடி நிண்டிட்டு. தும்மலுக்கும் இதுதான் எண்டு சொன்னவர். கொண்டு போங்க."

"பொம்பிளைக்குத் தந்த மருந்து ஆம்பிளைக்குக் கேக்குமா?"

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற றஊப் சிரித்தான். "குளிசைக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமா மச்சான்? போட்டுப் பாருங்க. நீங்க தும்முற சத்தத்துக்கு வெளியில நிண்ட கொக்கெல்லாம் கந்தளாய்க் குளத்துக்குப் போயிட்டு."

றுக்கியா சிரித்தபடி தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். ஸஹாப்தீன் சரையைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

வாடிக்குப் போனதும் தேத்தண்ணியோடு ஒன்றைப் போட்டான். உண்மையிலேயே அது அதிசயம் போலத்தான் இருந்தது. வெயில் ஏறுமுன் தும்மல் நின்றது. மூக்கு வறண்டது. நெல்லு வாசனையைப் பல வருசத்துக்குப் பிறகு மூச்சு முட்டாமல் மோந்தான். றஊபைப் பார்த்து, "உன்ட ராத்தாட கை ராசியான கைதான்டா" என்றான். கழுத்தில் மட்டும் கடி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒன்றுக்கே இவ்வளவு கேட்டால் இன்னும் போட்டால் அதுவும் அடங்கிவிடும் என்று, மத்தியானம் சோறும் கருவாட்டு ஆணமும் சாப்பிட்ட பிறகு இரண்டைச் சேர்த்து விழுங்கினான். அதற்குப் பிறகு நாக்கு மேல்வாயில் ஒட்டியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தொண்டை நனையவில்லை. வெயில் என்று நினைத்தான்.

புதிதாய்க் கதிர் பரப்பிய களவெட்டியில் டிராக்டரை ஏற்றிச் சுற்றத் தொடங்கினான். நடுவில் கம்பு நட்ட வட்டம். றஊபும் மற்ற இருவரும் ஓரத்தில் நின்று மிதிபட்ட வைக்கோலைப் புரட்டிப் போட்டார்கள். எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, அதே சுற்று, அதே சுற்று. இரவிரவாய் ஓடிய நாட்களில் அவனுக்குத் தூக்கம் வந்ததுண்டு. வந்தால் கொட்டாவி வரும், கண் கனக்கும், இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு ஏறுவான். அன்றைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. கொட்டாவி கூட விடவில்லை. தூக்கம் வந்ததே அவனுக்குத் தெரியாது.

தெரிந்தபோது வட்டம் தப்பியிருந்தது. பிரேக்கில் கால் படுமுன் டிராக்டரின் முன்சில்லு களவெட்டி வரம்பில் ஏறி நின்று உறுமியது. யாரோ "யா அல்லாஹ்" என்று கத்தினார்கள். பின்சில்லின் கீழே வைக்கோல் சிவந்திருந்தது.

மஃரிபுக்கு முன் றஊபைக் கிண்ணியாவுக்குக் கொண்டு வந்தார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது.

பொலிஸ் விசாரித்தது. மரண விசாரணைக்கு வந்தவர் தற்செயலான விபத்து என்று முடித்துக் கொடுத்தார். "என்ன நடந்தது?" என்று கேட்ட எல்லோருக்கும் ஸஹாப்தீன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "கண் அசந்திட்டு." அதற்குமேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குளிசை போட்டது அவன் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் தும்மலுக்குப் போடுகிற ஒரு பொட்டளவு மருந்தை எவன் பெரிதாய் எடுப்பான்?

ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது. மத்தியானத்தில், அதுவும் சோறு தின்ற கையோடு, கை தேர்ந்த டிராக்டர்காரன் எப்படித் தூங்குவான்? கசிப்புக் குடித்திருப்பான். பள்ளிவாசல் முற்றத்தில் அவன் வந்தால் கதை நின்றது. முதலாளி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அவர் கூப்பிட்டிருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான். எஞ்சின் சத்தம் கேட்டாலே வேறு ஒழுங்கையால் திரும்பி நடந்தான். கரைவலைக்காரரோடு சேர்ந்து கடற்கரையில் வலை இழுக்கப் போனான்.

றுக்கியாவின் தாய், சித்தி பரீதா என்ற பேர் கொண்ட மாமி, அவனை ஒரு தரம்தான் ஏசினாள். ஜனாஸா எடுத்த அன்று, மறைப்புக்குப் பின்னாலிருந்து. "தூக்கம் வந்தா இறங்கியிருக்கலாமே மருமகன். இறங்கியிருக்கலாமே." அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஓதுகிற கத்தம், நாற்பதாம் கத்தம் எதற்கும் அவன் அந்தப் படலைக்குள் போகவில்லை. றுக்கியா மட்டும் காலையில் போய்த் தாய்க்குச் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். அவனுக்கும் ஆக்கினாள். உடுப்புத் துவைத்தாள். படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு நாள் அப்படித் திரும்பியபடியே கேட்டாள்:

"நீங்க ஏன் இறங்கல்ல?"

"தெரியா புள்ள. வாறது தெரிஞ்சா இறங்கியிருப்பன்."

"தூக்கம் வாறது தெரியாத மனுசர் இருக்காங்களா?"

அதைத் தன்னையே கேட்டுக் கேட்டுப் பார்த்து அவன் அலுத்திருந்தான். குடிக்கவில்லை. முதல் நாள் வீட்டில் கண் நிறையத் தூங்கியிருந்தான். பிறகு ஏன்? தனக்குள் ஏதோ ஒரு கவலையீனம், மனுசத்தனம் இல்லாத ஒன்று, இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது என்றுதான் அவன் முடிவு கட்டியிருந்தான்.

இறால் மலிந்த மாதம் வந்தது. அயல் வீட்டிலிருந்து வந்த கறியை இறால் என்று தெரியாமலே றுக்கியா தொட்டுவிட்டாள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. தாயை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று அவனை டவுணுக்கு அனுப்பினாள். ஊரில் பாதை என்று சொல்கிற, வாகனத்தையும் ஆட்களையும் ஒன்றாய்ச் சுமந்து துறையைக் கடக்கிற அந்தத் தெப்பத்தில் நின்றபோது அவன் மனதில் ஒன்றும் இல்லை.

யேசுரட்ணம் டொக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாய் இருந்து ஓய்வு பெற்றபின் டவுணில் சின்னதாய் மருந்துச்சாலை வைத்திருந்தார். றுக்கியா அடையாளத்துக்குக் கொடுத்துவிட்ட பழைய வெறும் சரையை ஸஹாப்தீன் நீட்ட, வாங்கிப் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"வீட்டுக்கு டொக்டர். இறால் பட்டுட்டு."

"அவவுக்கு இறால் ஆகாதெண்டு போனமுறையே சொன்னனான். மூச்சு முட்டுதோ? உதடு, நாக்கு ஏதும் வீங்கினதோ?"

"இல்ல. கடிதான்."

"அப்ப சரி. அப்பிடி ஏதும் வந்தால் இந்தக் குளிசையை நம்பிக்கொண்டு வீட்டில இருக்கவேண்டாம். நேரா ஆஸ்பத்திரி. பிள்ளைத்தாய்ச்சியோ இப்ப?"

"இல்ல டொக்டர்."

அவர் போத்தலிலிருந்து குளிசைகளைத் தட்டில் கொட்டிக்கொண்டே சொன்னார்: "இரவு படுக்கேக்க ஒண்டு. கடி நிக்கேல்லை எண்டு மேல மேல போடுறதில்லை. போட்டாப் பிறகு கிணத்தடிக்கோ அடுப்படிக்கோ போகவேண்டாம். சின்னப் பிள்ளையளுக்கு உடைச்சுக் குடுக்கவேண்டாம், அயலட்டைக்கும் குடுக்கவேண்டாம். ஒருத்தருக்குத் தாறது அந்த ஒருத்தருக்குத்தான். போனமுறையும் சொல்லித்தான் விட்டனான்."

"ஏன் டொக்டர் அடுப்படிக்குப் போகப்படாது?"

"நித்திரை கொண்டுவரும் தம்பி. எங்கட சாதாரண நித்திரை மாதிரி இல்லை, வாறது தெரியாது. நிக்கிற ஆளை நிண்ட இடத்தில விழுத்தும். சில பேருக்கு ஒண்டும் செய்யாது, சில பேருக்கு ஒண்டு போட்டால் மற்ற நாளும் தலை நிமிராது. வாகனம் ஓடுறவை, மெசினில நிக்கிறவை வந்தால் வேலை இல்லாத நாளில படுக்கேக்க போடச் சொல்லுவன், இல்லாட்டி குடுக்கமாட்டன்." சரையை மடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் என்ன வேலை?"

"வலை இழுக்கிற. முந்தி டிராக்டர் ஓடினனான்."

"நீரும் எப்பவாவது இதைப் போட்டனீரோ?"

"இல்ல டொக்டர்," என்றான் ஸஹாப்தீன்.

வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நடந்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. தேயிலைப் பெட்டிகளை வள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலே கூப்பாடு கேட்டது. ஒரு கல்லில் குந்தினான். முதலில் அவனுக்கு உண்டானது ஆறுதல்தான். நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிவிட்டது போல மூச்சு இலேசாய் வந்தது. நான் கவலையீனமான ஆள் இல்லை. நான் குடிகாரன் இல்லை. வாறது தெரியாதென்று நான் சொன்னது பொய் இல்லை. ஓடிப்போய் மாமியின் வாசலில் நின்று சொல்லிவிடலாம், பள்ளிவாசலில் சொல்லிவிடலாம்.

அப்புறம்தான் அலுமாரித் தட்டிலிருந்து சரையை எடுத்து நீட்டிய கை கண்ணில் வந்தது. எழும்ப நினைத்தவன் அப்படியே இருந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து குளிசையைக் கொடுத்தபோது, "இரவுல மட்டும் போடு. போட்டா எழும்பி எங்கயும் போகாத" என்றான்.

"தெரியும்," என்றாள் றுக்கியா. "நித்திரை வரும் எண்டு முந்தியே சொன்னவர்தானே. வரட்டும். றஊப் போனதுல இருந்து எனக்கு எங்க நித்திரை?"

அவளுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றான். சொல்லிவிட்டு அவள் கைவிளக்கின் திரியை இறக்கினாள். தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஒரு நாளைக்குக் கேட்கும் என்று அவனுக்குப் பயமாய் இருந்தது. அது கேட்காமலே போகட்டும் என்று துஆக் கேட்டான். குடிகாரன் என்ற பேரோடு கிடந்துவிடலாம். அது தன்னோடு போகும்.

அந்தச் சரை அலுமாரியில்தான் இருந்தது. அதை எடுத்து எறிந்துவிட நினைப்பான். எறிந்தால் ஏன் என்று கேட்பாள். அந்தப் பயத்தில் விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலையில் வலை வெறுமையாய் வந்ததால் நேரத்தோடு வீடு திரும்பினான். வேலியோரம் நின்று றுக்கியா பக்கத்து வீட்டு லைலாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். லைலா அவனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "நல்ல மருந்து காக்கா. ராத்தா தந்தவ. இவர் ராவெல்லாம் தும்மித் தும்மி ஒரு பொட்டும் கண் மூடல்ல" என்றாள்.

"என்ன மருந்து?"

"எனக்கு வாங்கி வந்தீங்களே, அந்த மஞ்சள் குளிசை," என்றாள் றுக்கியா. "விறகுத் தூசிதான் ஸெய்னுதீன் காக்காக்கு ஆகுதில்ல. கொஞ்சம் எடுத்துக் குடுத்தன்."

லைலாவின் புருசன் ஸெய்னுதீன் லொறி ஓடுகிறவர். காட்டு விறகு ஏற்றிக்கொண்டு டவுணுக்குப் போவார். ஸஹாப்தீன் வேலிக்கு மேலால் பார்த்தான். லொறி நிற்கிற இடம் வெறுமையாய்க் கிடந்தது.

"எங்க அவர்?"

"இப்பதான் வெளிக்கிட்டார். ஏன் காக்கா?"

அவன் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை இழுத்தெடுத்தான். றுக்கியா பின்னால் கூப்பிட்டது கேட்டது. கிண்ணியாத் தெரு மணலில் சைக்கிள் புதைந்தது. ஓரிடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு ஓடினான். பாதை அந்தக் கரையில் நிற்க வேண்டும், அல்லாஹ்வே, அந்தக் கரையில் நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னான்.

பாதை அந்தக் கரையில்தான் நின்றது. இந்தப் பக்கம் வாகனங்கள் வரிசையாய்க் காத்திருந்தன. ஸெய்னுதீன் லொறிக்குள் இருக்கவில்லை. தேத்தண்ணிக் கடை வாங்கில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"காக்கா, குளிசை போட்டீங்களா?"

"என்ன குளிசை? ஆ, உன்ட பொஞ்சாதி தந்ததா? ஓம், வெளிக்கிடேக்க போட்டனான். நல்லாத்தான் இருக்கு. தும்மல் நிண்டு போச்சு."

"லொறி ஓடாதீங்க. ஓரத்துல விடுங்க. இண்டைக்குப் போக வேணாம்."

"உனக்கென்ன விசரா? விறகுக்கு ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"நித்திரை வரும் காக்கா."

"காலங்காத்தால ஆருக்கு நித்திரை வரும்? வந்தா நான் பாத்துக்கொள்ளுவன். உன்ன மாதிரி நான் ஒண்டும் …" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கரையிலிருந்து பாதை புறப்படுகிற சங்கிலிச் சத்தம் கேட்டது. ஸெய்னுதீன் கிளாஸை வைத்துவிட்டு எழும்பினார்.

ஸஹாப்தீன் அவர் கையைப் பிடித்தான். "வாறது தெரியாது காக்கா. கொட்டாவி கூட வராது. அதப் போட்டுட்டுத்தான் நான் றஊபுக்கு மேல மெசின ஏத்தினன்."

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றிய கையோடு நின்றார். ஸெய்னுதீன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாக வாங்கில் திரும்ப இருந்தார். கண்ணைக் கசக்கினார்.

"நானும் பாக்கிறன்," என்றார் தணிந்த குரலில். "கொஞ்ச நேரமா கண் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டுதான் இருந்த. வெயில் எண்டு நினைச்சன்." பிறகு, "அப்ப நீ குடிக்கல்ல."

"இல்ல காக்கா."

"உனக்கு ஆரு தந்த?"

அவன் பிடித்திருந்த கையை விட்டான். கேட்ட பிறகுதான் ஸெய்னுதீனுக்கே விளங்கியது, தனக்குத் தந்த அதே கை என்று. தலையைக் குனிந்தார். ஆனால் கடையில் காது இருந்தவர்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கிண்ணியா ஆட்கள். சைக்கிளைத் திருப்பும்போது ஸஹாப்தீனுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. யாருடைய வாயிலிருந்தும் கேட்குமுன் அவள் தன்னிடமிருந்து கேட்க வேண்டும்.

றுக்கியா குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவன் எதிரே குந்தி, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி ஓரமாய் வைத்தான். சொன்னான். டொக்டர் சொன்னதை, தான் பாதைக் கடையில் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் மீன் செதில் ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தினை போட்டீங்க?"

"காலையில ஒண்டு. மத்தியானம் ரெண்டு."

"எனக்கு ஒண்டு போட்டாலே விடியிறது தெரியாது," என்றாள். குரல் சாதாரணமாய்த்தான் இருந்தது. "இரவுல போடு எண்டு சொல்லித்தான் தந்தவர். ஆருக்கும் குடுக்காத எண்டும் சொன்னவர். நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல. நல்லா நித்திரை வரும் எண்டு சொன்னது எனக்கு ஒரு நன்மை மாதிரித்தான் கேட்டது. அத ஆபத்து எண்டு நான் நினைக்கல்ல."

"ஆரு நினைக்கிற? நீ தும்மல் நிக்க எண்டுதான் தந்தாய். மேலால ரெண்டு போட்டது நான்."

"நீங்க எப்ப அறிஞ்ச?"

"உனக்கு மருந்தெடுக்கப் போன அண்டைக்கு."

"ஏன் அப்பவே சொல்லல்ல?"

"உனக்கு ஒரு தம்பிதான் இருந்தான்," என்றான் அவன்.

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. எழும்பி வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். செதில் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து மிச்சமிருந்த சரையை எடுத்துக்கொண்டு லைலாவின் வீட்டுக்குப் போனாள். அங்கே கொடுத்ததையும் வாங்கி, எல்லாவற்றையும் மலசலகூடக் குழிக்குள் கொட்டிவிட்டு வந்து முக்காட்டைப் போட்டாள்.

"வாங்க. உம்மாட்டப் போவம்."

"நானுமா?"

"நீங்களும்."

சித்தி பரீதா முற்றத்தில் பாயில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மருமகனைப் படலையில் கண்டதும் எழும்பி உள்ளே போகப் போனாள். "நில்லுங்க உம்மா," என்றாள் றுக்கியா. ஸஹாப்தீன் படலைக்கு வெளியே முருங்கை நிழலில் நின்றுகொண்டான். மகள் சொல்வது அவனுக்குக் கேட்டது. நடுவில் ஒரு தரம்கூடத் தாய் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பிறகு கோழியொன்று மிளகாய்ப் பாயில் ஏறிக் கிளறியது. யாரும் விரட்டவில்லை.

"குடிச்சிட்டு ஓடினான் எண்டு ஊர் சொன்னப்ப நான் நம்பினன்," என்றாள் சித்தி பரீதா கடைசியில். மகளைப் பார்த்தல்ல, படலையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தெரியும் நீங்க குடிக்கிற ஆள் இல்ல எண்டு. தெரிஞ்சுகொண்டும் நம்பினன். அது எனக்கு ஒரு பிடிப்பா இருந்த மருமகன். விடிஞ்சா உங்கள ஏசிக்கொண்டு எழும்புவன். ஏசிக்கொண்டுதான் சோறு திண்டன். இப்ப வந்து ரெண்டு பேருமா இப்பிடிச் சொல்றீங்க. நான் இனி ஆர ஏசுற?"

பாயில் அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு வந்த அழுகை ஜனாஸா எடுத்த அன்றுகூட அந்த வீட்டில் கேட்காத அழுகை. றுக்கியா தாயைக் கட்டிப்பிடிக்கப் போனாள். தாய் கையை விலக்கினாள். விலக்கின கையாலேயே மகளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ நேரம் அப்படியே இருந்தார்கள். ஸஹாப்தீனுக்குக் கால் கடுத்தது. இருக்கவும் மனமில்லை, போகவும் மனமில்லை.

"நீ போ," என்றாள் சித்தி பரீதா, அழுகை ஓய்ந்த பிறகு. "இண்டைக்குச் சோறு ஆக்க வேணாம். என்னால உன்ட முகத்தப் பாக்க ஏலாது." றுக்கியா எழும்பிப் படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வா. வராம விட்டுடாத."

வெயில் தணிந்துகொண்டிருந்தது. இருவரும் தெருவோரத்தால் நடந்தார்கள். றுக்கியா அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால் வந்தாள். மதகடிக்கு வந்ததும் நின்றாள்.

"அவன் கத்தினானா?"

ஸஹாப்தீன் திரும்பினான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. பொலிஸ்கூடக் கேட்கவில்லை.

"இல்ல," என்றான்.

"பொய் சொல்ல வேணாம்."

"பொய் இல்ல. கடைசியா ஒரு கணம் எனக்குக் கண் திறந்த. பிரேக்கில கால் வைக்கேக்க நேரம் போயிட்டு. ஆனா அவன்ட முகத்தக் கண்டனான்." மதகுக் கட்டில் கை ஊன்றினான். "சும்மா பகிடிக்கு நான் அவன்ட பக்கம் மெசின வெட்டுவன், அவன் பாய்ஞ்சு விலகிப்போய்த் தூசணத்துல ஏசுவான். வேலை அலுத்தா நாங்க அப்பிடித்தான் விளையாடுற. அண்டைக்கும் நான் விளையாடுறன் எண்டுதான் நினைச்சிருக்கான். கவைக்கம்ப ஊண்டிக்கொண்டு என்னப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டான் புள்ள. விலகவே இல்ல."

றுக்கியா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவன் கிட்டப் போகவில்லை, கையை நீட்டவும் இல்லை. விறகு ஏற்றிய மாட்டுவண்டியொன்று அவர்களைக் கடந்து போனது. வண்டிக்காரன் ஸலாம் சொன்னான்.

வண்டி போன பிறகு முந்தானையை எடுத்தாள். "அப்ப அவன் பயப்படல்ல."

"இல்ல. பயப்பட நேரம் இருக்கல்ல."

"உம்மா ஒவ்வொரு நாளும் அதத்தான் கேக்கிறவ. என்ட புள்ள எவ்வளவு பயந்திருப்பான், எவ்வளவு கத்தியிருப்பான் எண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "இத அவவுக்குச் சொல்லணும்."

"இண்டைக்கு உன்ட முகத்தப் பாக்க ஏலாது எண்டு சொன்னவவே."

"கதவுக்கு வெளியில நிண்டு சொல்றன்," என்றாள் அவள்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். தன்னோடு வரச் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகவும் சொல்லவில்லை. ஸஹாப்தீன் மதகில் உட்கார்ந்து, தெரு வளைவில் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மறைந்த பிறகும் எழும்பவில்லை.